அடையாளம் காட்ட வந்தவர்

இதனால் பலெர்மோ வாழ் தமிழ்ப் பெருமக்கள் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: உலக சரித்திரத்தில் இதுவரை விடுபட்டுப்போன மாபெரும் அத்தியாயமாகிய ஞானசேகரத்தின் வம்ச வரலாறு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை நூலாக வெளிவர இருந்தது.

ஞானசேகரம், தெருமுனைக் கடை வைத்திருக்கும் நம் றோபேட்டின் கூட்டாளிக்குச் சித்தப்பா முறை. பொய்யென்றால் றோபேட்டைக் கேளுங்கள். கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள்…

இரவு பத்தரை. ஞானசேகரம் வேலைபார்க்கும் இத்தாலிய அம்மாவான சிஞ்ஞோரா வீட்டில் பாத்திரம் கழுவி முடித்து, கடைசி பஸ்ஸையும் தவறவிட்டு, தன் வீடிருக்கும் சீசாப் பகுதியை நோக்கி நடக்கிறார். கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கிவிட்டன. தெருவில் ஈ காக்கை இல்லை.

நூலில் பாதி அவருடைய பூட்டனார்தான். வெள்ளைக்காரன் காலத்தில் ஊரையே ஆண்ட பெரிய அதிகாரி, உடையார். ஒருநாள் உலகை வெறுத்துக் காசிக்குப் போய் மகானாகிவிட்டவர். அவர் ஊரில் சாகவில்லை என்பதற்கு ஆதாரம் வேண்டுமே! யாழ்ப்பாணத்தில் இருக்கும் மருமகன் பிரணவனைப் பழைய மரண விசாரணைப் பதிவுகளைத் தேட விட்டிருந்தார்.

அந்தப் பாவி கண்டுபிடித்துவிட்டான்.

போனில் படங்கள் வந்து விழுந்தன. கள்ளுத் தவறணைக்குப் பின்னால் கிணற்றில் ஓர் ஆண் பிரேதம். தவறணைக்காரர் சாட்சி: “இவர் எங்கடை உடையார். அண்டைக்கு நல்ல வெறி.” அடுத்த சாட்சி மகன், அதாவது ஞானசேகரத்தின் அப்பப்பா: “என்ர அப்பு காசிக்குப் போட்டார். இந்த ஆளை எனக்குத் தெரியாது.”

முடிவு: பெயர் தெரியாத ஆண். அரச செலவில் புதைக்கப்பட்டது.

அங்கே நடுச்சாமம் தாண்டியும் தூங்காமல் பிரணவன் அழைத்தான். “மாமா, புத்தகத்தை மாத்துவமோ?”

“உனக்கென்ன விசரே? நாளைக்கு அச்சுக்குப் போகுது. குடிச்சுப்போட்டுக் கிணத்துக்க விழுந்தவற்ர பரம்பரை எண்டு எழுதவோ? அழி உதை!”

“பாவம் மாமா அந்த மனிசன். நீங்களாவது ஒருக்கா, ஓம், எங்கடை ஆள்தான் எண்டு…”

ஞானசேகரம் போனை வெட்டினார்.

அப்போதுதான் மணத்தது. புளித்த கள்… பாசி… பிறகு சத்தம். ஈரக்கால் கல்லில் ஒட்டி ஒட்டி விடுபடும் சத்தம். சப்… சப்… அவர் நின்றால் நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. வம்சத்தின் வீரத்தைப் பற்றித் தனி அத்தியாயமே எழுதியவர், ஓடினார்.

கட்டட வாசலில் கீழ்வீட்டு சிஞ்ஞோரா கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். படியில் ஒரு கிழவர். நாலு முழ வேட்டி. குடுமியிலிருந்து தண்ணீர் சொட்டிப் படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தது.

“இவர் உங்கள் ஆள்தானே?” என்று இத்தாலியனில் கேட்டாள். கறுத்த தோலோடு யார் வந்து நின்றாலும் இவர்கள் நம்மைத்தானே கேட்பார்கள்.

கிழவர் முகத்தை நிமிர்த்தினார். ஞானசேகரம் தினமும் கண்ணாடியில் பார்த்து மெச்சும் அதே மூக்கு.

“தெரியாது,” என்றார் ஞானசேகரம்.

கிழவர் தலையசைத்தார்… கேட்டுப் பழகியவர்போல. எழுந்து இருட்டுக்குள் போனார்.

ஞானசேகரம் மேலே தன் வீட்டுக்கு வந்து மணியை அடித்தார். கதவுத் துளை இருண்டது. உள்ளே மனைவி அம்பிகை மூச்சுவிடுவது கேட்டது.

“நான்தான். திறவப்பா.”

“பிள்ளையள், கிட்டப் போகாதேங்கோ,” என்றாள் அம்பிகை. “ஆரோ தெரியாத ஆள்.”

தட்டினார், கத்தினார், அழுதார். விடிந்த பிறகுதான் கதவு திறந்தது.

“எங்கையப்பா போனனீங்கள்?” என்று கேட்டாள் அம்பிகை. “ராத்திரி முழுக்க வாசல்ல ஒரு கிழவர், நனைஞ்சுபோய் நிண்டவர். உங்கடை குரலில கூப்பிட்டவர்…”

புத்தகம் ஞாயிற்றுக்கிழமை வெளிவந்தது. ஒருவரும் வாசிக்கவில்லை.