அவுக ஆளு

"அந்தப் பொம்பளையும் அவுக ஆளுதேன். அடிச்சுச் சொல்றேன்."

நிலக்கோட்டையிலிருந்து திண்டுக்கல் போகும் பஸ்ஸில் முன் சீட்டிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்தால் காதைத் தீட்டாமல் இருக்க முடியுமா? சொன்னவர் ஒரு மதினி. பக்கத்தில் அவருடைய நாத்தனார் செல்வி, புற்றுநோய்க்காக ஒரு மார்பை எடுத்தவர். வயிற்றுச் சதையை வைத்துப் புது மார்பு செய்யலாம் என்று டாக்டர் சொல்லி, ஏற்கெனவே செய்துகொண்ட ஒரு பெண்ணோடு பேசவும் வைத்திருக்கிறார். செல்வி இன்று திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் பதில் சொல்ல வேண்டும்.

"பூ மார்க்கெட்டுல கமிஷன்கடைக்காரன், வெளியூர் யாவாரி மாதிரி தன் ஆளையே நிறுத்தி வெலைய ஏத்திக் கேக்க விடுறான்ல? அதே கததேன்."

"அவ நல்லதா மட்டும் சொல்லலையே மதினி. புண்ணு ஆற நாளாச்சாம். தொட்டா உணர்ச்சியே இல்லையாம். வயித்துத் தழும்பக்கூடக் காட்டுனா."

"பின்ன எதுக்கு அந்தக் கருமம்?"

"சேலை கட்டுறப்ப அழுகை வாரதில்லையாம்."

"நோய் திரும்ப வந்தா அந்தப் புது மார்பு மறைச்சிராதா?"

"கேட்டேன். விடாம செக்கப்புக்குப் போகணுமாம், கண்டுபிடிச்சிருவாகளாம்."

"அதையும் அவுகதேன சொன்னாக?"

"ஒனக்கு ரெண்டும் இருக்கு மதினி. சந்தேகப்படத்தேன் தோணும்."

பஸ் ஸ்டாண்ட் வந்துவிட்டது. இறங்கும்போது செல்வியின் பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார் மதினி.

"நட. அந்தப் பொம்பள இன்னைக்கு வருவாளான்னு கேளு. அவகிட்ட நானே பேசிப் பாக்குறேன்."