படகு குதிக்காமல் இருக்க

உத்தமன்: ...அதான் சொல்றேன் மாமா, படகு குதிக்காம இருக்க மாட்டற இந்தச் சின்னத் தகடு வேலைக்கு ஆவாது. படகு வேகமா போனாத்தான் இது தண்ணியப் புடிக்கும். நாம அக்காவ வெச்சிகினு மெதுவாத்தானே போப்போறோம்?

கலியமூர்த்தி: அதுக்குன்னு படகு பின்னாடி தாம்பாளத் தட்டு சைஸுல ரெண்டு மாட்டுவியா?

பஞ்சவர்ணம்: சின்னதே நல்லாக்கீதுடா தம்பி. கம்மல் மாதிரி.

உத்தமன்: நீ கம்முனு படுக்கா.

பஞ்சவர்ணம்: படுத்துகினுதானே கீறேன்...

கலியமூர்த்தி: தகடே வேணாம் உத்தமா. இவள முன்னாடி படுக்க வெச்சா படகு மூக்கு தானா எறங்கிடாது?

உத்தமன்: எறங்கும். ஆனா முன்னாடிதான் குதி ஜாஸ்தி. ஒவ்வொரு அலைக்கும் தூக்கிப் போடும். அக்கா முதுவு தாங்குமா?

கலியமூர்த்தி: ஆஸ்பத்திரியிலருந்து ஆட்டோவுல வந்ததுக்கே துடிச்சிட்டா...

உத்தமன்: அதான். பின்னாடி, மோட்டார் கிட்ட படுக்கணும். அங்க ஆட்டம் கம்மி. ஆனா மோட்டாரு, மண்ணெண்ண கேனு, வரதண்ணன், அக்கான்னு எல்லா கனமும் பின்னாடி போய்ட்டா மூக்கு ஆகாசத்தப் பாக்கும். பெரிய தகடு மாட்டுனா பின்பக்கத்த தூக்கிக் குடுக்கும். படகு மட்டமா போவும்.

பஞ்சவர்ணம்: வரதண்ணனும் வருதா?

உத்தமன்: அண்ணனோட படகாச்சேக்கா, அது ஓட்டாம யாரு ஓட்றது? நாம கெளம்பற அன்னிக்கு காலையிலயே பழவேற்காடு தொறைக்கு வந்து நிக்கும்.

பஞ்சவர்ணம்: தீவுல அம்மா ஊட்டுக்குப் போறேன்னா உங்க மாமாவுக்கு ஆவடி ஃபாக்டரியில லீவே கெடைக்காது. இப்ப மட்டும் கூப்ட்டு குடுத்துட்டாங்களா?

கலியமூர்த்தி: டாக்டருதான் ஏரிக் காத்து நல்லதுன்னாரு. வாயுப் பிடிப்புதானேம்மா. உங்கம்மா கையால எண்ண தேச்சா எந்திரிச்சி நடப்ப.

பஞ்சவர்ணம்: செரி... அத ஏன்யா செவுத்தப் பாத்து சொல்ற?

கலியமூர்த்தி: தகடு எதுல வெட்டப்போற, உத்தமா?

உத்தமன்: மாமா, துருப் புடிக்காத எஸ்.எஸ். தகட்டுல வெட்டிடறேன். இரும்புன்னா உப்புத்தண்ணி தின்னுடும். ஆனா எஸ்.எஸ். நாளான்னிக்கிதான் அம்பத்தூர் பட்டறைக்கு வரும்.

கலியமூர்த்தி: நாளான்னிக்கா? அதுவரைக்கும்லாம்... கீற இரும்புல வெட்டுடா. ஒரே ஒரு தபா போறதுக்கு...

உத்தமன்: மாமா!

கலியமூர்த்தி: இல்ல... மொத தபான்னு சொல்ல வந்தேன்.

பஞ்சவர்ணம்: தண்ணி குடுங்க யாராச்சும்.

கலியமூர்த்தி: இந்தா... மெதுவா, மெதுவா.

பஞ்சவர்ணம்: நீ ஏன்யா இப்படி பதர்ற? குடிக்கறது நான்தானே.

உத்தமன்: செரி, இரும்புலயே வெட்டிடறேன். கீலு வெச்சி ஏத்தி எறக்கற மாதிரி செய்ய நேரமில்ல. வளைச்சி போல்ட்டு போட்டு முறுக்கிடுவேன். நாலு பேரு கனத்துக்கு எவ்ளோ எறக்கணுமோ அவ்ளோ வளைவு.

பஞ்சவர்ணம்: கனம் கொறைஞ்சா?

உத்தமன்: ஆங்?

பஞ்சவர்ணம்: பின்னாடி ஒரு ஆளு கனம் இல்லன்னா, அதே வளைவுல இன்னா ஆவும்?

உத்தமன்: மூக்கு தண்ணியில குத்தும். திருப்புனா திரும்பாது... காத்து அடிச்சா கவுந்துகூட போவும். அத ஏங்க்கா கேக்கற? போம்போதும் நாம நாலு பேரு, வரும்போதும் நாலு பேருதானே.

கலியமூர்த்தி: ஆமா, நாலு பேருதான்.

பஞ்சவர்ணம்: எனுக்கு பொய் சொல்லிகினு நீங்க ஏரியில முழுகாதீங்கடா. எனுக்கு இன்னான்னு நர்ஸம்மாகிட்ட ஆஸ்பத்திரியிலயே கேட்டுட்டேன். என்ன எறக்கி உட்டப்புறம் மறக்காம அந்தத் தகட்ட கழட்டிடு, உத்தமா. வரும்போது மூணு பேருதான்.