மின்சாரம் கடத்தாதது

எங்கள் ஆய்வகத்தில் டீ வாயில் வைக்க முடியாது, சார். அதனால் நிறையத் தண்ணீர் குடிப்போம்.

தலைமை வேதியியலர் மட்டும் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் குடிப்பார். அதையும் அளந்துவிட்டுத்தான். முதுகுக்குப் பின்னால் அவருக்கு மீட்டர் மாமா என்று பெயர். மாப்பிள்ளை பார்க்கப் போனாலும் மீட்டரை முக்கிப் பார்த்துவிட்டுத்தான் பெண் கொடுப்பார் என்று கேலி செய்வார்கள்.

அது சின்னக் கருவி. கம்பி முனையில் இரண்டு உலோகத் தகடுகள். திரவத்தில் முக்கினால், எவ்வளவு மின்சாரம் கடக்கிறது என்று திரையில் எண் வரும். உப்போ அமிலமோ கரைந்திருந்தால் எண் ஏறும். சர்க்கரை கரைந்திருந்தால் ஏறாது, அது மின்சாரத்தைக் கடத்தாது. கல்லூரியில் முதலாண்டுப் பாடம். அவர் அதைத் தாண்டி முப்பது வருடம் வந்துவிட்டார், அதனால் மறந்துவிட்டார்.

போன வருடம் என் மனைவி குடியிருப்புத் தண்ணீரில் வார்னிஷ் வாடை வருகிறது என்றாள். ஒரு பாட்டிலில் பிடித்துக் கொடுத்தாள். ஆய்வகத்துக்குக் கொண்டு போனேன். மாமா மீட்டரை முக்கினார்.

"எண் எப்பவும் போலத்தானே இருக்கு தம்பி. வாடை தண்ணியில இல்ல, உன் வீட்டம்மா மூக்குல இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, தண்ணீர் சுத்தம் என்று அவளிடம் சொன்னேன். அவள் குடித்தாள்.

பக்கத்து வார்னிஷ் பட்டறையிலிருந்து எங்கள் குடியிருப்புக் கிணற்றுக்குக் கசிந்த கரைப்பானும் மின்சாரத்தைக் கடத்தாது. அவள் ஈரல் கெட்டு இறந்த பிறகுதான் பட்டறைக் குழாயைத் தோண்டினார்கள். மாமா துக்கம் விசாரிக்க வந்தார். நாற்காலியில் உட்காருவதற்கு முன் அதைக் கைக்குட்டையால் துடைத்தார். எப்போது வேலைக்கு வருவாய், மாதிரிகள் குவிந்து கிடக்கின்றன என்றார். மீட்டர் சொன்னது சொன்னதுதான் என்றும் சொன்னார்.

அப்படிப்பட்டவரோடு வாதாடிப் பயனில்லை. அவருக்குப் புரிகிற பாஷையில் சொல்ல வேண்டியிருந்தது.

விருந்தினர் வந்தால் அவர் ஒரு வித்தை காட்டுவார். குடுவைத் தண்ணீரை அளப்பார், எண்ணைக் காட்டுவார், எல்லோர் முன்னாலும் மடமடவென்று குடிப்பார். அன்று விருந்தினர் வருவதாக இருந்தது. காலையில் குடுவையில் ஒன்றைக் கலந்தேன். நிறமில்லை, வாடையில்லை, மின்சாரத்தைக் கடத்தாது. பெயரை உங்கள் நிபுணர்கள் கண்டுபிடிக்கட்டும், அவர்களாவது மீட்டரை மட்டும் நம்பாதவர்களாக இருந்தால்.

வந்தது அவர் மகள். கல்லூரியில் வேதியியல் சேர்ந்திருக்கிறாளாம், அப்பா வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வந்தாள். கூச்சப்பட்டு ஓரமாக நின்றாள். மாமா மீட்டரை முக்கினார். எண் பூஜ்யத்தை ஒட்டி நின்றது. இரண்டு டம்ளரில் ஊற்றினார்.

"குடிம்மா. அப்பா அளந்தாச்சு."

அவள் என்னைப் பார்த்து, "நீங்களும் இதைத்தான் குடிப்பீங்களா அண்ணா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அவர் மூன்றாம் நாள் போனார். அவள் அவருக்கு முன்பே போய்விட்டாள்.

கலந்தது நான்தான், மறுக்கவில்லை. கை நீட்டினால் எட்டும் தூரத்தில் நின்றும் அந்தப் பெண்ணை ஏன் தடுக்கவில்லை என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். என்ன சொல்லித் தடுப்பது, சார்? நானும் எட்டிப் பார்த்தேன். எண் சரியாகத்தான் இருந்தது.