கிராஸ் பேக்குன்னா கிராஸா மாட்டுதது

ஹலோ… ஹலோ… முத்துசெல்வியா? உமாராணி பேசுதேன். குத்தாலத்துல, ரபீக் பாய் கடையில நிக்கேன்… ஆமா, ஆமா, நீ தைச்ச பேக்கு விசயந்தான். பேக்கு எப்படி இருக்குன்னா கேக்கே? ச்சை! வாயால சொல்லவே அருவருப்பா இருக்கு.

ஏட்டி இரு, நான் பேசிக்கிடுதேன். படம் வரைஞ்சு, அளவு குறிச்சுக் குடுத்தேன்லா? நாப்பது பேக்குல ஒண்ணு கூட ஒழுங்கில்ல. தோள்ல மாட்டுனா வாரு நீளுது… ஆமா, நீளுது! ஒரு போனும் தண்ணி பாட்டிலும் போட்டதுக்கே, இடுப்புல நிக்க வேண்டிய பேக்கு முழங்காலுக்கு வந்துருது.

மதுரையில இருந்து வந்த ஒரு பொண்ணு அருவிப் பக்கம் குனிஞ்சிருக்கு. பேக்கு தரையில புரண்டு எண்ணெத் தண்ணி, சேறு, எவனோ போட்ட ஷாம்பு கவரு, எல்லாத்தையும் அள்ளிட்டு வந்திருக்கு. அப்படியே பாய் மேசையில வீசிட்டுப் போயிட்டு. நான் ரெண்டு வெரலால தூக்கிட்டு நிக்கேன். உவ்வே… சீசன் முழுக்க ஆர்டர் தாரேன்னு சொன்ன மனுசன், மூஞ்சியத் திருப்பிக்கிட்டாவ.

… மிஷின் மேல பழி போடாத… நூலு மேலயும் போடாத. வாரப் பிரிச்சே பாத்துட்டேன். துணிய நேரா வெட்டாம மூலவாட்டுல, இழுத்தா நீளுத கிராஸ் பீஸா வெட்டிருக்கே! ஜாக்கெட் கழுத்துக்குப் பட்டி வைக்கவா சொன்னேன்? பேக்கு வார நேர் துணியில வெட்டணும்னு நேத்து மிஷின் மிதிக்கப் படிச்ச புள்ளைக்குக் கூடத் தெரியும். பத்து வருசமா ஆலங்குளத்துல கடை வச்சிருக்கே, இது தெரியாதா?

… என்னது? நானா? … நான் எதுக்குட்டி அப்படிச் சொல்லப்போறேன்? … வாய்ஸ் மெசேஜா? போடு, கேக்கேன். போடு!

…

ம்.

… இன்னொரு தடவ போடு.

… 'வாரு கிராஸா வரணும்'… ஆமா. என் குரல்தான்… ஆமா, ஆமா. துணி நீளுமேன்னு நீ கேட்டதுக்கு, சொன்னதச் செய்யின்னு வேற வஞ்சிருக்கேன்… ச்சீ, என்ன பேச்சு பேசிருக்கேன். ஏட்டி, நான் தோள்ல குறுக்கால மாட்டுததச் சொன்னேன்டி. உனக்கு கிராஸுன்னா வெட்டு…

சரி, சரி. எதுக்கு அழுத? … ஸ்டேட்டஸா? … ஆமா, காலையில கோவத்துல போட்டேன்… ஆமா, உன் பேரப் போட்டுத்தான். 'ஆலங்குளம் முத்துசெல்விகிட்ட தைக்கக் குடுத்துராதீய'ன்னு… யாரு, டீச்சரம்மாவா? மக கல்யாண ஜாக்கெட் துணி அம்புட்டையும் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாவளா? எப்ப? … இப்பவா?

அய்யோ… இரு, வச்சிராத. அழிச்சிருதேன்… நூத்தி எண்பது பேரு பாத்திருக்காவ. த்தூ! என் மூஞ்சியிலதான் துப்பணும்… அழிச்சிட்டேன்டி. டீச்சரம்மா நம்பரக் குடு, தப்பு என் மேலன்னு நானே சொல்லுதேன்… ஏன் வேண்டாம்? … என்னது, உன்னப் பத்தி நான் இனி யார்கிட்டயும் வாயத் தொறக்கவே வேண்டாமா? … ஏட்டி, அப்படிச் சொல்லாத… முத்துசெல்வி… ஹலோ? ஹலோ…