குளியலறைச் சன்னல் உடைந்த நேரம்

எனது பெயர் சிவனேஸ்வரி. வயது 24. ஊர் யாழ்ப்பாணம். தற்போது சிட்னி, ஹோம்புஷ், எட்ஜ்வேர்த் வீதி, 14ஆம் இலக்க வீட்டில் என் அக்கா யோகாவுடன் வசிக்கிறேன். நூலகமொன்றில் வேலை செய்கிறேன். 1973 டிசம்பர் 8ஆம் திகதி இந்தப் பொலிஸ் நிலையத்தில் நான் கொடுத்த வாக்குமூலத்தில் நேரம் பிழை. அதைத் திருத்த இன்று, 15ஆம் திகதி, நானாகவே வந்துள்ளேன். நான் தமிழில் சொல்ல, உரைபெயர்ப்பாளர் நரசிம்மன் எழுதுகிறார்.

7ஆம் திகதி வெள்ளிக்கிழமை மாலை நான் சுவாமி படங்களுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தபோது, அக்காவின் மூன்று வயது மகள் கலா குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டு, குழாயையும் திறந்துவிட்டாள். தாழை நீக்க அவளுக்குத் தெரியவில்லை. அதன்பின் நான் வீதிக்கு ஓடிக் கத்தினேன். எதிர்வீட்டு மலேசியத் தமிழர், பஸ் ஓட்டுநர் அப்பளசாமி, ஓடிவந்து சன்னல் கண்ணாடியைக் கையால் உடைத்து உள்ளே இறங்கிப் பிள்ளையைத் தூக்கி வந்தார். தொட்டித் தண்ணீர் அவள் கழுத்துவரை ஏறியிருந்தது. அவர் வந்தபோது சுவாமி அறைக் கடிகாரத்தில் ஐந்து பத்து. அக்கா அவர் கைக்குக் கட்டுப்போட்டார். அப்பளசாமி அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போனார். அதன்பின் பிரிஸ்பேனில் வேலை செய்யும் அத்தான் நித்தியானந்தனுக்கு அக்கா தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னார்.

அன்று ஆறு இருபதுக்குப் பக்கத்து வீதி வானொலிக் கடையின் கண்ணாடியை உடைத்து யாரோ திருடியிருக்கிறார்கள். கண்ணாடியில் இரத்தம் இருந்தது. கறுத்த மனிதர் ஒருவர் ஓடியதாகச் சொல்லப்பட்டது. கையில் கட்டுடன் இருந்த அப்பளசாமி கைதானார். அந்த நேரம் எங்கள் வீட்டில் இருந்ததாக அவர் சொன்னார். ஐந்து நாற்பதுக்கே போய்விட்டார் என்று நான் சொன்னேன். அக்கா நேரம் பார்க்கவில்லை. அத்தானும் அழைப்பு ஐந்தே முக்காலுக்கு வந்ததாகப் பிரிஸ்பேன் பொலிசாரிடம் கூறினார். இரண்டும் பொருந்தியதால் அவரை யாரும் நம்பவில்லை.

13ஆம் திகதி அத்தான் சிட்னி வந்தார். விமானத்தால் இறங்கியதும் கைக்கடிகாரத்தை ஒரு மணி முன்னால் திருப்பினார். கோடையில் இங்கும் மெல்பேர்னிலும் கடிகாரத்தில் ஒரு மணியைக் கூட்டுகிறார்கள். பிரிஸ்பேன் இருக்கும் குயின்ஸ்லாந்தில் ஒரு வருடம் செய்துபார்த்து விட்டுவிட்டார்கள் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இராகு காலம் சூரியனைக் கொண்டு பார்ப்பது என்பதால் அக்டோபரில் மணி மாறியபோது அக்கா சுவாமி அறைக் கடிகாரத்தை மட்டும் மாற்றவில்லை. இது எனக்குத் தெரியும். பதற்றத்தில் ஒரு மணியைக் கூட்ட மறந்துவிட்டேன். அத்தான் சொன்ன ஐந்தே முக்காலும் பிரிஸ்பேன் நேரம்; இங்கே அப்போது ஆறே முக்கால். ஆகவே அப்பளசாமி எங்கள் வீட்டில் இருந்தது ஆறு பத்திலிருந்து ஆறு நாற்பது வரை.

நேற்று, பிணையில் இருக்கும் அவரிடம் போய், "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை, பிழை என்னிலதான்" என்றேன். "உங்க சாமிக்கு குயின்ஸ்லாந்து டைம்தான் பிடிக்குதா, தங்கச்சி?" என்று சிரித்தார். அதன்பின், "பாப்பா ராத்திரி பயப்படாம தூங்குதா?" என்று கேட்டார். ஒரு வாரமாக அவரை பஸ் ஓட்ட விடவில்லை. திங்கட்கிழமை விசாரணை. அதற்கு முன் இது நீதிமன்றத்துக்குப் போகவேண்டும்.

எங்கள் பிள்ளை உயிரோடிருப்பது அவரால் என்றும், அதற்கு நாங்கள் நன்றியுள்ளவர்கள் என்றும் எழுதும்படி கேட்டேன். அது சாட்சியம் ஆகாது என்றார் அதிகாரி. அந்தக் கையில் காயம் எப்படி வந்தது என்பதற்கு அதுதான் சாட்சியம் என்றேன். எழுதிக்கொள்ளச் சொன்னார்.

எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) சிவனேஸ்வரி