கனகமணி பேசிய பத்தொன்பது நாள்

– நம்ம மாரியாத்தா மேல சத்தியம் கண்ணு. இதுல ஒரு சொல்லு பொய்யிருந்தா எம் மீசை கொட்டிப் போகட்டும்.

– உங்களுக்கு மீசையே இல்லீங்களே பெரியப்பா.

– போன தடவ சத்தியம் பண்ணுனப்பக் கொட்டுனது. கேளு.

– சொல்லுங்க. எனக்கு அந்தப் பத்தொம்பது நாளும் ஒண்ணுமே ஞாபகமில்ல. அம்மாவக் கேட்டா அழுகுது. நான் என்னதான் பண்ணுனேன்?

– பேச்சுன்னா பேச்சு, அப்படியொரு பேச்சு! எலை நிறுக்கற கணக்குப்பிள்ளைய, "முதல்ல நீங்க தராசுல ஏறுங்க, தொப்பையக் கழிச்சுக்கலாம்"ன்ன. தேயிலைக்குள்ள பூந்த காட்டெருமைங்களை, "முட்டாம வரிசைல நில்லுங்க"ன்ன. ஒம்போதும் நின்னுச்சு.

– நேத்து பத்துன்னீங்க?

– ஒண்ணு லீவு.

– பேயோட்ட ஒருத்தரு வந்தாராமே, அவரு?

– "ஏனுங்க, நான் ப்ளஸ் டூ. நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"ன்ன. வேப்பிலைய உங்கையில குடுத்துட்டு பஸ் ஏறிட்டான்.

– குன்னூரு டாக்டரம்மா?

– அவங்கதான் கெட்டிக்காரி. உங் கன்னத்துச் செவப்ப மலைக்குளிரு பண்ணுனதுன்னு நாங்க ஒரு வருசமாக் கொஞ்சிக்கிட்டிருந்தோம். அவங்க பாத்ததும், மூட்டு வலிச்சுதா, முடி கொட்டுச்சான்னு கேட்டாங்க. ரத்தம் எடுத்தாங்க, முதுகுல ஊசி போட்டு நீர் எடுத்தாங்க, தலைய ஸ்கேன் பண்ணுனாங்க. லூபஸ்னாங்க. உடம்புக்குக் காவல் நிக்கறவனே ஊட்டு ஆளுங்கள அடிக்கறானாம். இப்ப மூளைக்குள்ளயும் பூந்துட்டானாம்.

– இதுவும் உங்க கதையாக்கும்?

– இதக் கட்டற அளவுக்கு எனக்கேது புத்தி? இந்தா மாத்திரை, முழுங்கு.

– வேண்டாங்க.

– கண்ணு, திடீர்னு நிறுத்தவே கூடாதுன்னாங்க.

– இதத் தின்னுதான் மூஞ்சி பன்னு மாதிரி உப்பிப் போச்சு. கூடப் படிச்ச ஜெஸிந்தாவே யாருன்னு கேக்கறா. வெயிலுக்கும் போகக் கூடாது. நேத்தே ரெண்டு மாத்திரைய ஜன்னல் வழியா வீசிட்டேன்.

– வீசிட்டயா?

– ஆமாங்க. மறுபடியும் வந்தா வந்துட்டுப் போகுது. கணக்குப்பிள்ளையத் தராசுல ஏத்துனவ, எருமைய வரிசைல நிறுத்துனவ! இந்தப் பன்னு மூஞ்சிக்கு அந்தக் கனகமணியே தேவலைங்க.

– எந்த ஜன்னலு கண்ணு?

– ஏனுங்க பெரியப்பா, அதத் தேடவா எந்திரிக்கறீங்க? உக்காருங்க. இன்னும் என்னென்ன சொன்னேன், சொல்லுங்க.

– அந்தப் பத்தொம்பது நாளும் உம் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரல கண்ணு.