பத்திரிகையில் அப்பா பெயர்

ஸ்ரீரங்கத்திலிருந்து மலைக்கோட்டைக்குப் போகிற பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவள் மகளின் கல்யாணப் பத்திரிகையை நீட்டினாள். வாங்கிப் படித்தவள் பதறிவிட்டாள்.

"என்னக்கா இது, உங்க வீட்டுக்காரர் பேருக்கு முன்னாடி காலஞ்சென்றன்னு போட்டிருக்கு? உயிரோடதானே இருக்காரு!"

"ஜெயில்ல இருக்காருன்னா போட முடியும்? செத்துட்டாருன்னு சொல்லித்தான் மாப்பிள்ளை வீட்டுல சம்மதம் வாங்கினோம்."

"ஐயையோ! இடுப்புவலிக்கு ஒரு பொட்டலம் கஞ்சா வச்சிருந்ததுக்கா?"

"அதுக்குத்தான் ஆறு மாசம். கல்யாணத்துக்கு முந்தின நாள் விடுறாங்க."

"அப்ப வருவாரா?"

"பந்தி பரிமாறுற ஆளுங்களோட ஆளா வரேன்னு சொல்லியனுப்பியிருக்காரு. அவரைப் பார்த்து நான் அழுதுடக் கூடாதாம்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பியபோதுதான் கவனித்தேன். நெற்றியில் பொட்டு இல்லை.